வாப்பாவின் கேம் மெஷினை எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே நிறையப் படங்களும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய வாப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 1980களின் கடைசியில் ஊர் திரும்பும்போது, காசு போட்டு விளையாடும் ஆளுயர வீடியோ கேம் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து, ஊரில் சின்னதாக ஒரு கேம் கடை வைத்தார். பத்து வருஷத்துக்கு மேல் நடந்த கடை 2000வாக்கில் மூடப்பட்டது. வாப்பா மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. மெஷின், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டுக் கிட்டங்கியில் நிற்கிறது.

மெஷின் வந்தபடியே இல்லை. வாப்பா அதைச் சண்டை கேம் ஆட மாற்றினார். ஆளுக்கு ஆறு பட்டன், ரெண்டு ஜாய்ஸ்டிக், திருப்பி வைத்த திரை. இரண்டு பக்கப் பலகையிலும் உள்ளூர் போர்டு பெயின்டர் ஒருவரைக் கொண்டு சண்டை வீரர்களை வரைய வைத்தார். கடை மூடிய பிறகு யாரோ ஒரே சர்க்யூட் போர்டில் பல கேம் ஓடும் மல்டிகேம் போர்டைப் போட்டிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியில் செய்தித்தாள் சுற்றிய பழைய பச்சை போர்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது.

வாசகிக்கு ஆசை, மெஷினை 'வந்த நாளில் இருந்த மாதிரி' பார்க்க வேண்டும் என்பது. வாப்பா 'பேக்மேன் மெஷின்' என்று சொன்னதாக ஞாபகம். மண்டபம் ஊரில் லாட்ஜ் நடத்தும் காக்காவோ (அண்ணன்), பிக்சர் டியூபைத் தூக்கிவிட்டு எல்.இ.டி. திரை போட்டு லாட்ஜ் வரவேற்பறையில் வைக்கலாம் என்கிறார். தச்சர், மொத்தப் பலகையையும் உரித்து மரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்து தருகிறேன் என்கிறார். சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, 'ஒரிஜினலாக்கித் தந்தால் இரட்டை விலை' என்கிறார். கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா, பச்சை போர்டைக் கழுவி மொட்டைமாடி வெயிலில் காயவைக்கலாமா, கறை படிந்த டியூபை மாற்ற வேண்டுமா, காக்காவுக்கு இதில் உரிமை உண்டா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை முழுக்கப் படிக்கும்வரை மெஷினுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், போர்டைக் கழுவாதீர்கள், தச்சரை உளியோடு உள்ளே விடாதீர்கள். இத்தனை வருஷம் கிட்டங்கியில் நின்றதால் ஏற்பட்ட சேதத்தைவிட, ஆசையோடு செய்யும் ஒரு நாள் வேலை பெரிய சேதத்தைச் செய்துவிடும்.

இது பேக்மேன் மெஷின் இல்லை

நீங்கள் அனுப்பிய படங்களிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் அடிப்பக்கத்தை எடுத்த படத்தைப் பாருங்கள். ஆறு பட்டன் ஓட்டைகளுக்கு நடுவே, தகரம் வைத்து அடைத்துப் பற்றவைத்த பழைய ஓட்டைகள் தெரிகின்றன. ஒன்று பழைய ஜாய்ஸ்டிக்கின் இடம். இன்னொன்று பட்டன் அளவு, அதுவும் ஆட்டம் தொடங்கும் பட்டன் இருக்கும் வரிசையில் இல்லை, கை இயல்பாக வந்து விழும் இடத்தில் இருக்கிறது. 1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேனில் சுடவோ குதிக்கவோ ஒன்றும் கிடையாது. ஜாய்ஸ்டிக் மட்டும்தான். அதனால் இது சுடும் பட்டன் வைத்த வேறு ஏதோ ஓர் ஆட்டம். அந்தக் காலத்தில் எல்லா மெஷினையும் 'பேக்மேன்' என்று சொல்வது வழக்கம். வாப்பாவும் அப்படிச் சொல்லியிருப்பார்.

இரண்டாவது சாட்சி, நீங்கள் கறை என்று சொல்லும் அந்தத் தடம். ஒரே எழுத்து ஒரே இடத்தில் பல ஆயிரம் மணி நேரம் எரிந்தால், திரையின் உள்பக்கம் பூசியிருக்கும் பாஸ்பர் அந்த இடத்தில் தேய்ந்து எழுத்து நிரந்தரமாகப் பதிந்துவிடும். பேக்மேன் ஓடிய டியூபில் அந்த ஆட்டத்தின் சுற்றுப்பாதைக் கட்டக் கோடுகள் முழுசாகத் தெரியும். உங்கள் படத்தில் கோடுகள் இல்லை. ஓரத்தில் எழுத்து வரிசை மட்டும் தெரிகிறது, அதுவும் படுத்த நிலையில். காரணம், முதல் ஆட்டம் நெட்டுவாக்குத் திரையில் ஓடியது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற சண்டை கேம்களுக்குப் படுக்கைவாக்குத் திரை வேண்டும். அதற்காக வாப்பா டியூபைச் சட்டத்தோடு திருப்பி மாட்டியிருக்கிறார். உள்பலகையில் சும்மா இருக்கும் இன்னொரு ஜோடி போல்ட் ஓட்டைகள் பழைய நிலைக்கு உரியவை. திரையை அணைத்த நிலையில் டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்து அந்த எழுத்துகளைப் படம் பிடியுங்கள். அது எந்த ஆட்டம் என்று சொல்ல அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அந்த டியூபை மாற்றவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். பின்கதவில் கம்பெனித் தகடு இல்லை, தகடு இருந்து கழற்றிய திருகு ஓட்டைகளும் இல்லை. அந்தக் காலத்தில் போர்டை மட்டும் வரவழைத்து, உள்ளூர்ப் பட்டறையில் பெட்டி அடித்து ஓட்டிய மெஷின்கள் ஆசிய நாடுகளில் ஏராளம். உங்களுடையதும் அப்படித்தான் என்று என் அனுபவம் சொல்கிறது. அப்படியானால் பெயின்டர் வரைந்த படத்தைச் சுரண்டினால் அடியில் கம்பெனி போட்ட படம் கிடைக்கும் என்று நீங்கள் நினைப்பது பலிக்காது. வெறும் லேமினேட்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அதே டார்ச்சை இருட்டில் பலகை ஓரமாக அடித்துப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் வேறு படம் இருந்தால் அதன் விளிம்பு மேடாகத் தெரியும். தெரியவில்லை என்றால் இல்லை.

எது ஒரிஜினல்?

மாற்றிய மெஷின் என்றால் மட்டம், கெட்டுப்போனது என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அந்த எண்ணத்தை நீங்கள் விட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இந்தத் தொழிலே மாற்றிப் போட்டுப் பிழைத்த தொழில். 1981இல் நின்டென்டோ அமெரிக்காவில் விற்பனையாகாமல் தேங்கிய சுமார் 2,000 ரேடார் ஸ்கோப் மெஷின்களை என்ன செய்வது என்று தெரியாமல், உள்ளே இருந்த போர்டை மாற்றி வேறு ஆட்டமாக்கி விற்றது. அந்த ஆட்டம்தான் டாங்கி காங். அமெரிக்காவில் முதலில் வெளிவந்த டாங்கி காங் மெஷின்கள் மாற்றப்பட்ட மெஷின்கள்தான். மிஸ் பேக்மேனும் பேக்மேன் மெஷினில் பொருத்துவதற்காகச் செய்த ஒரு கிட்டிலிருந்து வளர்ந்த ஆட்டம். பழைய ஆட்டம் காசு தராமல் போனால் புதிய போர்டைப் போடுவதுதான் உலகம் முழுக்கக் கடைக்காரர்கள் செய்த வேலை.

வாப்பா செய்ததும் அதுதான். அதைக் கையால், யோசித்துச் செய்திருக்கிறார். காசு போடும் பகுதியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்புப் பட்டைகளைப் போட்டு ஏமாற்றாமல் இருக்க, இந்த மாதிரி மெஷின்களில் காசு உருளும் பாதையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். இரும்பு என்றால் அதில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது. நம் நாட்டில் 1992இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் இழுக்கும். அந்தக் காசை அந்த மெஷின் விழுங்கவே விழுங்காது. வாப்பா காந்தத்தைக் கழற்றிவிட்டு, ரூபாயின் அகலத்துக்குச் சரியாக ஒரு தகரப் பட்டையை வளைத்து ஈயம் வைத்துப் பாதையில் ஒட்டியிருக்கிறார். 'காந்தம் காணாமல் போயிருக்கிறது, எங்கே வாங்கலாம்' என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள், சகோதரி. அந்தத் தகரப் பட்டையை ஒரு ஆளும் தொட வேண்டாம்.

அப்புறம் பக்கப் பலகை. வலது பக்கம் கீழ்மூலையில் பெயின்டரின் பெயரும் '93' என்ற எண்ணும் இருக்கின்றன. கம்பெனிப் படம் போட்ட மெஷினுக்கு இன்று மறுபதிப்பு ஸ்டிக்கர் அச்சடித்து வாங்கலாம். கீழக்கரையில் ஒருவர் எனாமல் பெயின்ட்டில் வரைந்த அந்தச் சண்டைக்காரர்கள் வேறு எங்கும் இல்லை.

ஆகவே உங்கள் முன் இருப்பது மூன்று வழி. ஒன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த நாளின் நிலை. இரண்டு, வாப்பாவின் கடையில் ஓடிய 1993இன் நிலை. மூன்று, காக்கா சொல்லும் எல்.இ.டி. வழி. மூன்றாவதை இந்தப் பெட்டியில் செய்ய வேண்டாம். முதலாவதற்கு ஆதாரம் போதாது. கம்பெனித் தகடு இல்லை, அன்று எடுத்த போட்டோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பாதிக்கு மேல் ஊகம் செய்து பூசுவதாகத்தான் முடியும். இரண்டாவதற்கு எல்லாம் கையில் இருக்கிறது. என் ஓட்டு 1993க்குத்தான். யாரோ பின்னால் போட்ட மல்டிகேம் போர்டை எடுத்துவிட்டு, டியூபையும் மின்சாரப் பகுதியையும் சரிசெய்து, ஒரு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போர்டு தேடிப் போடுங்கள். அந்த போர்டுகள் இன்றும் சேகரிப்பவர்களிடையே கைமாறுகின்றன. வாப்பா வைத்திருந்தது காப்காம் கம்பெனியின் அசல் போர்டா, அந்த நாளில் புழங்கிய நகல் போர்டா என்று தெரியாது. நகலாக இருந்திருந்தாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இல்லை, முதல் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று மனசு சொன்னால், அதையும் எதையும் வெட்டாமல் செய்ய முடியும். டியூப் சட்டத்தைப் பழைய போல்ட் ஓட்டைகளுக்கு மாற்றலாம். ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் அதே அளவுக்குப் புதுத் தகடு வெட்டி, ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பட்டன் வைத்து மாட்டலாம். வாப்பாவின் ஆறு பட்டன் பேனலை எண்ணெய்த் துணி சுற்றி உள்ளே வைத்துவிடலாம். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் திருப்பி மாட்டிக்கொள்வார்கள்.

கரண்ட் கொடுக்கும் முன்

இந்த மெஷினில் உயிருக்கு ஆபத்தான இடம் மூன்று. இதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். நல்ல பழைய கலர் டிவி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுங்கள். வயதானவராக இருந்தால் இன்னும் நல்லது. 'சார், இது கேம் மெஷின், எனக்குத் தெரியாதே' என்று தயங்குவார். பழைய டிவியின் கிடைமட்ட அலைவெண் 15,625 ஹெர்ட்ஸ், இதுவும் கிட்டத்தட்ட அதேதான், டியூனர் கிடையாது, சிவப்பு பச்சை நீலம் தனித்தனி ஒயரில் வருகிறது என்று சொல்லுங்கள். அவருக்குப் புரிந்துவிடும்.

முதல் ஆபத்து பிக்சர் டியூப். டியூப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் மிச்சம் தங்கலாம். டியூபின் வெளிப்பக்க எர்த் கம்பியில் கட்டிய ஸ்க்ரூடிரைவரால் டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் தொட வேண்டும். டியூபின் கழுத்துப் பகுதி ரொம்ப மெல்லிசு. தட்டினால் உடைந்து டியூபே வீணாகும். இன்று நம் நாட்டில் டியூப் செய்வோர் யாரும் இல்லை. சாம்டெல், ஜே.சி.டி. எல்லாம் நின்று வெகுகாலம் ஆகிறது.

இரண்டாவது ஆபத்து ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பல மானிட்டர்களின் சேசிஸ் (டியூபை ஓட்டும் சர்க்யூட் பகுதி) நேரடியாக வீட்டுக் கரண்டோடு தொடர்பில் இருக்கும். அதைப் பிரித்துக் காப்பதற்குத்தான் பெட்டிக்குள் அந்த கனமான டிரான்ஸ்ஃபார்மர். மல்டிகேம் போர்டு போட்டவர் அதைக் கழற்றி நேராக இணைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டேஜையும் படியுங்கள். சிங்கப்பூரிலும் நம்மைப் போல 230 வோல்ட்தான். ஆனால் உள்ளே ஜப்பான் பொருள் இருந்தால் அது 100 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தாங்காது.

மூன்றாவது எர்த். காசு போடும் கதவும் கன்ட்ரோல் பேனலும் இரும்பு. கடற்கரை ஊரில் வியர்த்த கையோடு குழந்தைகள் தொடுகிற இடம். அந்த இரண்டிலிருந்தும் எர்த் ஒயர் போக வேண்டும். மெஷின் நிற்கும் அறையின் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் சுவிட்ச்) ஒன்றும் இருக்கட்டும். இதற்குச் செலவைப் பார்க்காதீர்கள்.

மெக்கானிக் செய்ய வேண்டிய வரிசை இதுதான். எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டி, எலி கடித்த ஒயரைப் பார்க்க வேண்டும். பவர் சப்ளையையும் மானிட்டர் சேசிஸையும் தனியாக எடுத்து வயதான கண்டன்சர்களை மாற்ற வேண்டும். எல்.ஓ.டி. (டியூபுக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) கால்களிலும் கனெக்டர்களிலும் டிரை சோல்டர் (பிடிப்பு விட்ட ஈயப் பற்று) இருந்தால் மறுபடி ஈயம் வைக்க வேண்டும். பெரும்பாலும் டியூப் சாகாது, சுற்றியிருக்கும் இந்தச் சாமான்கள்தான் சாகும். பிறகு மானிட்டரை மட்டும் சீரிஸ் பல்ப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். பவர் சப்ளையில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று லோடு கொடுத்து அளக்க வேண்டும். 4.75க்குக் கீழே போனால் போர்டு திக்கித் திணறும். 5.25க்கு மேலே போனால் சிப்புகளுக்கு ஆபத்து. அது நிலையாக நின்ற பிறகுதான் எந்த போர்டையும் மாட்ட வேண்டும். டியூபைத் திருப்பி வைத்தால் ஓரங்களில் கலர் திட்டு விழும். பயப்பட வேண்டாம், டீகாஸ் செய்தால், அதாவது டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கினால் போய்விடும்.

டிரங்குப் பெட்டியில் கிடைத்த பச்சை போர்டு

உங்களிடம் இருப்பதிலேயே மதிப்பானது இது. கழுவாதீர்கள், வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள்.

அதில் சில சிப்புகளின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது இல்லையா? அதற்கு அடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். இவை ஈப்ரோம் சிப்புகள். ஆட்டம் முழுக்க இதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. புற ஊதா ஒளி பட்டால் எழுதியது அழியும். ஸ்டிக்கர் இல்லாமல் நேர் வெயிலில் சுமார் ஒரு வாரம் கிடந்தாலே அழிந்துவிடக்கூடும் என்பது சிப் தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. ஸ்டிக்கர் பழசாகிக் காய்ந்துபோனால் தானாக உரியும். உரிந்த இடத்தில் ஒளி புகாத டேப்பை ஒட்டுங்கள், எழுத்து இருக்கும் ஸ்டிக்கரைத் தூக்கிப் போடாதீர்கள்.

செய்தித்தாளைப் பிரித்துவிடுங்கள். அது ஈரத்தை இழுக்கும். கம்ப்யூட்டர் சாமான் வரும் ஆன்ட்டி-ஸ்டேட்டிக் பையில் போட்டு, ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஓரத்தில் இருக்கும் செம்புப் பற்களில் பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டுத் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சோடு போய்விடும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. இப்போது மெஷினில் இருக்கும் ஒயர் முனை ஜம்மா என்ற 56 முனை அமைப்பு. அது 1980களின் நடுவில்தான் பழக்கத்துக்கு வந்தது. பச்சை போர்டு அதற்கும் முந்தியது என்று தோன்றுகிறது. அளவு பொருந்துகிறதே என்று செருகினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் ஒரே நொடியில் முடிந்துவிடும். எந்த ஆட்டம் என்று தெரிந்த பிறகு, அதன் ஒயரிங் படத்தைப் பார்த்து இடையில் ஒரு அடாப்டர் செய்துதான் மாட்ட வேண்டும்.

எந்த ஆட்டம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆள் அந்த ஈப்ரோம்களைப் புரோகிராமரில் வைத்து படித்து எடுத்தால், பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்க 1997இலிருந்து வளர்ந்துவரும் மேம் (MAME) திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிடலாம். படித்து எடுத்த நகலைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஒரு சிப்பில் எழுதியது அழிந்துபோனாலும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

உப்புக் காற்றும் பலகையும்

நீங்கள் இருப்பது எந்த ஊர் என்று உங்களுக்கே தெரியும். புதிய பாம்பன் பாலத்துக்கு ரயில்வே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டது இந்தக் காற்றுக்குப் பயந்துதான். காரைக்குடியில் இருக்கும் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபத்தில்தான் நிலையம் வைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் பூட்டிய கிட்டங்கியில் மெஷின் இவ்வளவு நல்ல நிலையில் இருப்பதே பெரிய விஷயம். ரிப்பேரை எல்லாம் விடுங்கள், முதல் வேலையாக அதைக் கடல் பார்க்காத ஒரு மாடி அறைக்கு மாற்றுங்கள். நாலு மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். தரையில் நேரடியாக வைத்தால் ஈரமும் கரையானும் அடிப்பலகை வழியே ஏறும். தூக்கும்போது நிற்க வைத்தே தூக்க வேண்டும், கண்ணாடிப் பக்கம் கீழே சாய்க்கக் கூடாது.

தச்சரிடம் முழுதாக உரிக்கச் சொல்லாதீர்கள். படத்தில் பார்த்தவரை கெட்டிருப்பது கீழே ஒரு சாண் உயரம் மட்டும்தான். அந்த அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்து, அவர் சொன்ன அதே மரைன் பிளைவுட்டில் ஒட்டுப் போடச் சொல்லுங்கள். திருகுக்கு இரும்பு வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். படம் வரைந்த பகுதியில் தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எதுவும் படக்கூடாது. லேசாக ஈரம் செய்த துணி, தேவைப்பட்டால் ஒரு சொட்டு சோப்பு, அதுவும் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு. உரிந்த இடத்தை யாரிடமாவது கொடுத்து நிரப்பச் சொல்லும் ஆசை வரும். அந்தப் பெயின்டர் இன்னும் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அவர் கையாலேயே தொட்டுக் கொடுத்தால் அதைவிட என்ன வேண்டும்! இல்லாவிட்டால் உரிந்தபடியே இருக்கட்டும்.

காக்காவும் சென்னைக்காரரும்

வாப்பா எல்லோர் முன்னாலும் 'இது பிள்ளைக்கு' என்று சொல்லி, பின்கதவு சாவியையும் காசுப் பெட்டி சாவியையும் உங்கள் கையில் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது என் துறை இல்லை என்பதால் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். முஸ்லிம் தனிச்சட்டத்தில் வாயால் கொடுத்த ஹிபாவும் (உயிரோடு இருக்கும்போது தரும் அன்பளிப்பு) செல்லும் என்கிறார். கொடுப்பதாகச் சொன்னது, நீங்கள் ஏற்றது, பொருளைக் கையில் ஒப்படைத்தது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சாவி உங்களிடம் இருப்பது உங்களுக்குச் சாதகம். மெஷின் பொதுவான கிட்டங்கியில் இருப்பதை மறுபக்கம் கேள்வியாக்கலாம். ஹிபா நிற்காவிட்டால் அது வாப்பாவின் மற்ற சொத்து மாதிரி. உம்மாவுக்கும் பங்கு, காக்காவுக்கு உங்களைப் போல இரண்டு மடங்கு பங்கு. ஒரு கேம் மெஷினுக்காக அதுவரை போக வேண்டாம். உம்மாவை வைத்துப் பேசி, மெஷின் உங்களுடையது என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

காக்காவிடம் வெறும் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் ஆசையும் நியாயமானது. அவருக்கும் அது வாப்பாவின் மெஷின்தான். தச்சரிடம் இந்தப் பெட்டியின் அளவை எடுத்து, அதே மரைன் பிளைவுட்டில் காக்காவுக்கு ஒரு புதுப் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். அதில் எல்.இ.டி. திரை தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். கடலைப் பார்த்த வரவேற்பறையின் காற்றுக்கு அதுதான் சரி. துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். சந்தையில் கிடைக்கும் மல்டிகேம் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அனுமதி வாங்காத கேம்கள். காசு வாங்கி லாட்ஜில் ஓட்டினால் பதிப்புரிமைச் சட்டப்படி அவருக்குப் பிரச்சினை வரலாம். காசு மெஷின் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டுமா என்றும் விசாரித்துக்கொள்ளட்டும்.

சென்னைக்காரர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. 'ஒரிஜினலாக்கித் தாருங்கள், இரட்டை விலை' என்றால் உங்கள் செலவில், உங்கள் பொறுப்பில் ஒரு மெஷினைச் செய்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். மறுபதிப்பு ஸ்டிக்கரும் புதுத் தகடும் போட்டதை ஒரிஜினல் என்று விற்றால் பேச்சு உங்கள் மேல் வரும். முன்பணம் வாங்காதீர்கள். பச்சை போர்டை மட்டும் தனியாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எப்போதாவது விற்பதாக முடிவு செய்தால், எதெல்லாம் பழையது எதெல்லாம் மாற்றியது என்று பட்டியல் எழுதிக் கையெழுத்தோடு கொடுத்து விற்கலாம். பழைய இரும்புக் கடைக்கு மட்டும் எந்தக் காரணம் கொண்டும் போக வேண்டாம். டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்து எறியும் பொருள் அது இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் எதையும் திறக்க வேண்டாம். தை பிறந்து காற்று காய்ந்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போதும். அதற்குள் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பச்சை போர்டில் இருக்கும் பெரும்பாலான சிப்புகளின் மேல் நான்கு இலக்கத் தேதி எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு அந்த வருஷத்தின் வாரம். 8126 என்றால் 1981இன் 26ஆவது வாரம். அதில் மிகப் பெரிய எண் எதுவோ, போர்டு அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. ஸ்டிக்கர்களைத் தொடாமல் அந்த எண்களையும், டார்ச் வெளிச்சத்தில் திரையில் தெரியும் எழுத்துகளின் படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். முதல் ஆட்டம் எது என்பதை அதைப் பார்த்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.